வேகம் கூட்டியதும் பூட் ஆகாத கணினி: போர்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணினி பற்றி என்னைப் பேசச் சொன்னதும், "பாங்கில் கிளார்க்காக இருந்தவருக்கு மதர்போர்டு பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் நினைத்திருக்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்தது பி.காம். ஆனால் கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்த காலத்திலிருந்து கோர் பாங்கிங் வரை, மெஷினோடு மல்லுக்கட்டியே பணி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகக் கணினியைப் பிரித்து மாட்டப் பழகிக்கொண்டேன். இன்று சொல்லப்போவதில் பாதி ஸ்க்ரூ டிரைவர் வேலை. மீதிப் பாதி, பேரேடு டாலி ஆகாத இரவுகளில் பாங்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்தத் தலைப்புக்குக் காரணம் நம் தெருவில் நடந்த ஒரு விஷயம். இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி. வீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். வீடியோ வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ப்ராசசர், ராம் இரண்டின் வேகத்தையும் ஒரே இரவில் கூட்டிவிட்டார். சேமித்து ரீஸ்டார்ட் செய்ததும் ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரை இருட்டு. மறுநாள் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார்கள். "போர்டு போய்விட்டது, மாற்ற ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று பதில். அவருடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் அந்த டிஸ்கில். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அப்பாவுக்கு ஒரு பக்கம் பணக் கவலை, இன்னொரு பக்கம் கோபம்.

கடைசியில் அந்த போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல் பத்து நிமிடத்தில் ஓடியது. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. பத்து மெஷின் வரிசையில் நிற்கும்போது காரணத்தைத் தேடுவதைவிட போர்டை மாற்றுவது அவருக்குச் சுலபம். ஆனால் செலவு நம்முடையது. அதனால் தேடும் வேலையையும் நாம்தான் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் கூட்டுவது என்றால் என்ன?

கணினிக்குள் ஒரு தாளம் ஓடுகிறது. இன்றைய மெஷின்களில் அடிப்படைத் தாளம் நொடிக்கு 10 கோடித் துடிப்பு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். ப்ராசசர் இதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்ளும். 36 மடங்கு என்றால் 3.6 கிகாஹெர்ட்ஸ். அந்த 36-ஐ 42 ஆக்கினால் 4.2 கிகாஹெர்ட்ஸ். இதுதான் ஓவர்கிளாக்கிங். இன்டெல்லில் பெயர் 'கே' எழுத்தில் முடியும் ப்ராசசர்களிலும், ஏ.எம்.டி. ரைசன் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பெரும்பாலானவற்றிலும் இந்த எண்ணை மாற்ற முடியும்.

ராமுக்கும் இது உண்டு. பெட்டியில் 3,600 என்று போட்டிருக்கும் டி.டி.ஆர்.4 ராம், மாட்டியவுடன் 2,133, 2,666 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை ஆன் செய்தால்தான் 3,600 கிடைக்கும். ஒரே ஒரு பட்டன்தானே என்று பலர் அதை ஆன் செய்கிறார்கள். அதுவும் வேகம் கூட்டியதுதான். "நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லையே" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த விஷமம் இல்லை. 1984-ல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. ஏ.டி. என்ற மெஷினை 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெளியிட்டது. உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருந்தது. அதைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டு, 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஐ.பி.எம். பிறகு வந்த பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்தது. வேகம் கூடியிருந்தால் மெஷின் கிளம்பவே கிளம்பாது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ப்ராசசரை 300-லிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி ஓட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். தொழிற்சாலை கொஞ்சம் இடம் விட்டுத்தான் வேகத்தை நிர்ணயிக்கிறது. அந்த இடம் எவ்வளவு என்பது ஒவ்வொரு சில்லுக்கும் மாறும். பக்கத்து வீட்டு மெஷினில் ஓடிய எண் நம் மெஷினிலும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏன் அணைத்துப் போட்டாலும் சரியாவதில்லை?

டிவி மக்கர் செய்தால் ஆஃப் செய்து ஆன் செய்வோம். கணினியில் அது பலிக்காததற்குக் காரணம் உண்டு. நாம் மாற்றிய எண்களை மதர்போர்டு தன் சிறிய நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்கு சிமாஸ் என்று பெயர். மின்சாரம் இல்லாதபோதும் அது மறக்காமலிருக்க, எட்டணா போல வட்டமாக ஒரு 3 வோல்ட் செல் இருக்கும். அதன் எண் சி.ஆர். 2032. ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் போர்டு அந்தத் தவறான எண்ணையே படித்து, அதே வேகத்தில் ஓட முயன்று, அதே இடத்தில் விழுகிறது. போர்டுக்கு நோய் ஒன்றும் இல்லை. எழுதி வைத்த கட்டளைதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டளையை அழித்துவிட்டால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

இனி வரிசையாக என்ன செய்வது என்று சொல்கிறேன். டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான் இது. லேப்டாப்பை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

முதலாவது, பொறுமை. டி.டி.ஆர்.5 ராம் உள்ள புது மெஷின்கள், அமைப்பு மாறியதும் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். பதறிப்போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள். பல போர்டுகள் சில முறை முயன்று தோற்றதும் தாமாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, போர்டின் ஓரத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டி-ராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பீப் சத்தம் வந்தால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் போர்டோடு வந்த கையேட்டில் இருக்கும்.

மூன்றாவது, சாவி. விண்டோஸ் 11 உள்ள சில மெஷின்களில் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். வீட்டில் யாரும் பூட்டியிருக்க மாட்டோம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே அது நடந்திருக்கும். பயாஸை அழித்த பிறகு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். ஆகவே போர்டில் கை வைப்பதற்கு முன், அதே கணக்கில் போன் மூலம் நுழைந்து அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாவி இல்லாமல் பூட்டிய டிஸ்கை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. பணம் போனால் சம்பாதிக்கலாம். பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் போனால் போனதுதான்.

நான்காவது, அழிப்பது. சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பு உடம்பை ஒருமுறை தொட்டுவிட்டு வட்டச் செல்லைக் கழற்றிப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். மறுபடி மாட்டும்போது எழுத்து உள்ள பக்கம் மேலே. சில போர்டுகளுக்குச் செல்லைக் கழற்றினால் மட்டும் போதாது. அவற்றில் செல்லுக்குப் பக்கத்திலோ போர்டின் விளிம்பிலோ இரண்டு பின்கள் இருக்கும், சிமாஸ் கிளியர் என்ற பொருளில் ஒரு சுருக்கக் குறி போட்டிருக்கும். எது என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த இரண்டையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து நொடி சேர்த்துத் தொட வேண்டும். மறுபடி சொல்கிறேன், கார்டு பிளக்கில் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

ஐந்தாவது, இதற்குப் பிறகும் வரவில்லையென்றால் ராம். எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றை மட்டும் கையேடு சொல்லும் இடத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது ப்ராசசரிலிருந்து இரண்டாவது வரிசை. பொன் நிறத் தகட்டை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மாட்டலாம். ஒரு ராமில் வரவில்லையென்றால் அதை எடுத்துவிட்டு இன்னொன்று. மானிட்டர் வயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசசர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. வயரை போர்டில் செருகினால் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் படம் வராது, கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

படம் வந்துவிட்டால், வேலை முடிந்துவிடவில்லை. முதலில் பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். தேதி பழையதாக இருந்தால் பாங்கு வெப்சைட்டெல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி மாறினால் வட்டச் செல் தீர்ந்துவிட்டது என்று பொருள். மின்சாதனக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்து, பயாஸ் வந்தும் விண்டோஸ் வராமல் நீலத்திரை வந்தால், உடனே விண்டோஸை அழித்து மறுபடி போடச் சம்மதிக்காதீர்கள். டிஸ்க் முறை முன்பு ரெய்டு அல்லது வி.எம்.டி. என்று இருந்து, அழித்ததும் ஏ.எச்.சி.ஐ. என்று மாறியிருக்கலாம், அல்லது நேர்மாறாக. அதைப் பழையபடி வைத்தாலே பல நேரம் விண்டோஸ் வந்துவிடும்.

நான் சொன்ன தம்பிக்கு நான்காவது படியிலேயே சரியாகிவிட்டது. விளக்கு நான்கும் அணைந்து, விண்டோஸ் வந்ததும் அவர் செய்த முதல் வேலை ரிப்போர்ட்டை பென் டிரைவில் நகல் எடுத்தது. மெஷினில் வேறு எதையும் தொடும் முன் எல்லோரும் அதைத்தான் செய்ய வேண்டும்.

டாலி ஆகாத கணக்கும், டாலி ஆகிற பொய்க்கணக்கும்

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். வணிகவியல் படித்த பிள்ளைகளுக்கு இருப்பாய்வு தெரியும். பற்றும் வரவும் சமமாக வரவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்தானது ஈடுசெய் பிழை. இந்தப் பக்கம் 500 ரூபாய் கூடியிருக்கும், வேறொரு கணக்கில் 500 கூடி அதைச் சரிக்கட்டியிருக்கும். கூட்டிப் பார்த்தால் டாலி. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். பிழை உள்ளேயே இருக்கும்.

கணினியும் அப்படித்தான். வேகம் கூட்டியதும் பூட் ஆகாமல் நின்றால், அது டாலி ஆகாத கணக்கு. மெஷின் தன்னால் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, கூட்டிய வேகத்தில் பூட் ஆகி, விண்டோஸும் வந்து, நாலு நாளைக்கு ஒருமுறை காரணமில்லாமல் நிற்கும் மெஷினுக்கு. ராம் தாங்காத வேகத்தில் ஓடும்போது ஒரு எழுத்தை வேறு எழுத்தாகப் படிக்கும். அந்தத் தவறான எழுத்தே டிஸ்கில் சேமிக்கப்படும். நிமிடத்துக்கு நூறு நோட்டு எண்ணும் காசாளரை இருநூறு எண்ணச் சொன்னால், ஒன்று கையை எடுத்துவிடுவார், அல்லது தப்பாக எண்ணிக் கட்டுப் போட்டுவிடுவார். இரண்டாவதுதான் நஷ்டம். படம் பாதியில் உடைந்திருக்கும், ஜிப் ஃபைல் திறக்காது, ஒருநாள் விண்டோஸே வராது. அப்போது சிமாஸை அழித்தாலும் கெட்டுப்போன ஃபைல் திரும்பாது.

ஆகவே வேகம் கூட்டிய மெஷின் பூட் ஆனால் மட்டும் போதாது, தணிக்கை செய்ய வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒரு சோதனை இருக்கிறது. இன்னும் கடுமையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்பதை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த வேகம் வேண்டாம். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. பேரேட்டில் ஒரு ரூபாய் வித்தியாசத்தையும் நாங்கள் விட்டதில்லை.

கோடையில் மறுபடி சோதிக்க வேண்டும். நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் ப்ராசசரின் சூடும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். மார்கழியில் சோதித்துத் தேறிய எண் சித்திரையில் தேறாமல் போகலாம். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

வேகம் வேறு, வோல்டேஜ் வேறு

பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். வேகத்தை மட்டும் கூட்டினால் பெரும்பாலும் மெஷின் நின்றுவிடும், அவ்வளவுதான். திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிற்காமல் ஓடட்டும் என்று வோல்டேஜையும் கூட்டுவார்கள். அங்கேதான் நிஜமான சேதம். மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் கூட்டினால், உள்ளே எரியும் மின்சாரமும் சூடும் சுமார் 33 சதவீதம் கூடும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பச்சைக் களிமண் பொம்மை சரியாக வரவில்லையென்றால் கரைத்து மறுபடி வார்க்கலாம். சூளையில் சூடு மிஞ்சி வளைந்துபோன பொம்மையை யாராலும் நிமிர்த்த முடியாது. வேகம் பச்சைக் களிமண். வோல்டேஜ் சூளை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் சில, யாரும் வேகம் கூட்டாமலே நாளடைவில் நிலைகுலைந்தன. அதிகப்படியான வோல்டேஜ் அதற்குக் காரணம் என்று இன்டெல்லே 2024-ல் தெரிவித்து, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை ப்ராசசர் வீட்டில் இருந்தால், மெஷின் நல்ல நிலையில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். ஏற்கெனவே கெட்ட சில்லை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அதற்கு உத்தரவாதத்தில் மாற்றித்தான் வாங்க வேண்டும்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

எல்லாம் செய்தும் வரவில்லையென்றால் விருத்தாசலத்துக்கோ திட்டக்குடிக்கோ தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். கடையில் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். "அண்ணே, சிமாஸ் கிளியர் செய்து பார்த்தீர்களா? வேறு ஒரு ராம் போட்டுப் பார்த்தீர்களா? வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்த்தீர்களா?" மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் போர்டு பற்றிய பேச்சு. வேகம் கூட்டியதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், டாக்டரிடம் சொல்வது போல. போர்டு மாற்றினால் பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் டிஸ்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். போர்டு ஓடுகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு மூன்று விதி வைத்து முடிக்கிறேன். ஒன்று, எதையும் தொடும் முன் நகல். இரண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ப்ராசசரையும் ராமையும் சேர்த்து மாற்றினால், நின்றுபோனது எதனால் என்று யாருக்கும் தெரியாது. மூன்று, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பழைய எண், புது எண், சோதித்ததன் முடிவு, நான்கையும் எழுதி வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை மெஷினைப் பிரித்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைக் கேளுங்கள். நோட்டு இருந்தால் பிள்ளை படிக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் அப்போது திட்டலாம்.

யாருக்காவது மெஷின் இப்படி நின்றிருந்தால், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். கையேடும் மீட்புச் சாவியும் கூடவே வரட்டும். சேர்ந்து பார்க்கலாம்.